640 ஒன்லைன் கையொப்பம் செல்லாதாம்! குயின்ஸ் பார்க்கில் எந்தக் கதவைத் தட்டுவது?

#1 கொண்டோக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். பாதி புலம்பல், பாதி கேள்வி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்ராறியோவில், ஸ்காபரோவில் ஒரு கொண்டோவில் (அடுக்குமாடி வீடு) வாடகைக்கு இருக்கிறோம். 2020இல் ஆட்கள் குடிவந்த கட்டடம். 2,150 டொலராக இருந்த வாடகையை 2,600 ஆக்கப்போவதாகச் சொந்தக்காரர் என்2 என்ற வாடகை உயர்வு அறிவித்தல் படிவத்தை நீட்டினார். 90 நாள் அவகாசம், திகதி, கையொப்பம் எல்லாம் ஒழுங்கு. "2025க்கு 2.5 வீதம்தான் கூட்டலாம் என்று அரசாங்கம் சொன்னதே?" என்று கேட்டேன். உங்கள் கட்டடத்துக்கு அது பொருந்தாது என்றார். விசாரித்தால் அவர் சொன்னது சரி. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிபுகுந்த வீடுகளுக்கு அந்த உச்சவரம்பே இல்லை.

கட்டடத்தில் பாதிப் பேருக்கு இதே கதை. வட்ஸ்அப் குழு தொடங்கி, ஒன்லைனில் மனுப் போட்டு, 640 கையொப்பம் சேர்த்தோம். (உண்மையைச் சொன்னால் எங்கள் கட்டடத்தார் எண்பது பேர்தான். மிச்சம் மாமா, மாமி, லண்டனில் இருக்கிற மச்சான்.) அச்சடித்துக் கோப்பில் போட்டு எங்கள் எம்.பி.பி.யின் (மாகாண சட்டமன்ற உறுப்பினர்) தொகுதி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னா: "இதைச் சபையில் சமர்ப்பிக்க ஏலாது அக்கா. பேனாவால் போட்ட அசல் கையொப்பம் வேண்டும்."

கோப்பைத் திருப்பித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அழுகைதான் வந்தது. குயின்ஸ் பார்க்கில் இருக்கிற இந்த மாகாண சட்டமன்றம் எப்படித்தான் இயங்குகிறது? எங்களைப் போன்ற ஆட்கள் எங்கே நுழைவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வடக்குவாசல்

ஒரு விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி, சரியான கட்டடத்துக்காவது போனீர்கள். நான் மனைவியின் ஸ்பொன்சர் அலுவலாக எம்.பி.பி. அலுவலகத்துக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்த ஆள். கடைசியில், "இது குடிவரவு, நீங்கள் எம்.பி.யிடம் போகவேண்டும்" என்றார்கள். எம்.பி.யின் அலுவலகம் அதே வீதியில், இரண்டு பிளாசா தள்ளி!

புதிதாக வருகிறவர்களுக்கு: பாஸ்போர்ட், குடிவரவு, குற்றவியல் சட்டம் ஒட்டாவா, அதாவது மத்திய அரசாங்கம், எம்.பி.க்கள். குப்பை, பனி அள்ளுவது, பூங்கா மாநகரசபை. வாடகைச் சட்டம், ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி), பள்ளிக்கூடம், சாரதி அனுமதிப்பத்திரம், அடிப்படைச் சம்பளம் குயின்ஸ் பார்க். எம்.பி.க்குக் கடிதம் போட முத்திரை தேவையில்லை. எம்.பி.பி.க்கு ஒட்டவேண்டும். அந்தச் சலுகை ஒட்டாவாவோடு நின்றுவிட்டது.

#3 பழையகோப்பு

கொண்டோக்குருவி, அழாதீர்கள். நீங்கள் செய்த பிழையை நான் பார்த்த பாதிப் பேர் செய்திருக்கிறார்கள். ஒரு எம்.பி.பி.யின் தொகுதி அலுவலகத்தில் இரண்டு வருடம் தொண்டராக இருந்தேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொன்னால் இழை அதோடு முடிந்துவிடும்.

மனுவிலிருந்து தொடங்குகிறேன். ஒட்டாவாவில் 2015 கடைசியிலிருந்து ஒன்லைன் மனு உண்டு. நாடாளுமன்றத்தின் சொந்தத் தளத்தில் போட்டு 500 கையொப்பம் சேர்த்தால் போதும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் இங்கேயும் அப்படி என்று நினைக்கிறார்கள். ஒன்ராறியோ இன்னும் தாளிலும் மையிலும்தான் நிற்கிறது. ஒன்ராறியோ சட்டமன்றத்தை விளித்து எழுதவேண்டும், என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்கவேண்டும், கையொப்பமிடுகிறவர்கள் ஒன்ராறியோவாசிகளாக, பெயரும் முகவரியும் எழுதியவர்களாக இருக்கவேண்டும். லண்டன் மச்சான் சரிவரமாட்டார். கோரிக்கை வாசகத்தை ஒவ்வொரு தாளின் தலையிலும் அச்சடித்து விடுங்கள். முதல் தாளில் மட்டும் போட்டுவிட்டு மற்றவை வெறும் கையொப்பப் பட்டியலாகக் கிடந்தால், இவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்று யாரும் கேட்கலாம்.

மனுவை நேரே சபைக்கு அனுப்ப முடியாது, ஒரு உறுப்பினர்தான் சமர்ப்பிக்கவேண்டும். அதுவும் அவர் விரும்பினால்தான், வற்புறுத்த வழியில்லை. உங்கள் எம்.பி.பி. தயங்கினால் வேறு தொகுதிக்காரரிடமும் கொடுக்கலாம். அங்கே நடப்பதைச் சொல்கிறேன், ஒருமுறை பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தேன். மதியத்துக்குப் பிறகு சபையில் முக்கால்வாசி நாற்காலி காலி. உறுப்பினர் எழும்பி, மனு எதைப்பற்றியது என்று சொல்லி, தானும் அதில் கையொப்பமிட்டு, பக்கத்தில் வந்து நிற்கிற பேஜ் பிள்ளையிடம் (சபையில் உதவிக்கு நிற்கிற மாணவர்) கொடுக்கிறார். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. கறுப்புச் சீருடையில் வேகமாக நடந்துபோய் எழுதுவினைஞரின் மேசையில் வைக்கிறது. ஒரு நிமிசம்கூட இல்லை. மூன்று மாதம் வாசல் வாசலாகச் சேர்த்த தாள்கள்.

அந்த ஒரு நிமிசத்தின் பெறுமதி அதற்குப் பிறகுதான் தெரியும். சமர்ப்பித்த மனுவுக்கு அரசாங்கம் 24 அமர்வு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். அமர்வு நாள் என்றால் நாட்காட்டி நாள் அல்ல. சபை திங்கள் முதல் வியாழன் வரைதான் கூடும். ஆகக் குறைந்தது ஆறு வாரம், இடையில் விடுமுறை வந்தால் மாதக்கணக்கு. பதில் பெரும்பாலும் வழவழப்பான இரண்டு பந்திதான். ஆனால் அது அமைச்சின் எழுத்து. "எங்களுக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது" என்று பிறகு அவர்கள் சொல்லமுடியாது.

எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். 640 அந்நியரைவிட ஒரே கட்டடத்தில் 80 பேர், எல்லோருக்கும் ஒரே அஞ்சல் குறியீடு என்றால் எம்.பி.பி.யின் கண் அகலும். அது ஒரு வாக்குச்சாவடி!

#4 சும்மாசொல்லு

> பழையகோப்பு எழுதியது: "அது அமைச்சின் எழுத்து."

எழுத்தை வைத்து வாடகை கட்டலாமா அண்ணை?

கணக்கைப் பாருங்கள். 124 ஆசனம். 2025 பெப்ரவரித் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 80. பெரும்பான்மைக்கு 63 போதும். மேல்சபை என்று ஒன்றும் இல்லை. முதல்வர் நினைத்தால் நிறைவேறும், நினைக்காவிட்டால் நிறைவேறாது. மற்றதெல்லாம் செங்கோலும் சடங்கும்.

2022ஐ மறந்துவிட்டோமா? கல்வி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்ற 28ஆம் இலக்கச் சட்டமூலத்தை ஒக்ரோபர் 31இல் கொண்டுவந்தார்கள். நவம்பர் 3இல் நிறைவேற்றிவிட்டார்கள். நாலு நாள்! நீதிமன்றம் கைவைக்க முடியாதபடி அரசியலமைப்பின் விலக்குப் பிரிவையும் சேர்த்து. எந்த மனு, எந்தக் குழு, யார் கேட்டார்கள்?

#5 முருங்கைமரம்

தம்பி, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நவம்பர் 4இல் ஏறக்குறைய 55,000 ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களோடு மற்றத் தொழிற்சங்கங்களும் சேரப்போகின்றன என்றதும் 7ஆம் திகதி முதல்வர் இறங்கிவந்தார். 14ஆம் திகதி அதே சபை அந்தச் சட்டத்தை நீக்கியது. நிறைவேற்றி பதினொரு நாளில்.

மனுவால் நடந்ததென்று சொல்லவில்லை. வீதியால் நடந்தது. ஆனால் "அவர் நினைத்தால்தான்" என்பது முழு உண்மை இல்லை என்கிறேன்.

#6 சும்மாசொல்லு

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாடகைக்காரருக்கு எங்கே 55,000 பேரின் சங்கம்?

#7 பழையகோப்பு

அந்தக் கேள்வி நியாயம். ஆனால் கொண்டோக்குருவியின் பிரச்சினை சபைக்குள் எப்படி வந்தது என்று பாருங்கள், எந்தக் கதவு என்பது அதிலேயே தெரியும்.

முன்பு 1991 நவம்பருக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு உச்சவரம்பு இல்லை. 2017இல் லிபரல் அரசாங்கம் அந்த விலக்கை எடுத்தது, எல்லா வாடகை வீட்டுக்கும் வரம்பு வந்தது. 2018இல் ஆட்சி மாறியது. நவம்பர் 15ஆம் திகதி இலையுதிர்காலப் பொருளாதார அறிக்கை வந்தது, அன்றே 57ஆம் இலக்கச் சட்டமூலமும் வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? "நம்பிக்கை, வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல் மீட்டெடுப்புச் சட்டம்." பெயரில் வாடகை என்ற சொல்லே இல்லை. உள்ளே அட்டவணை அட்டவணையாகப் பல சட்டங்களுக்குத் திருத்தம். சிறுவர் உரிமை, சுற்றாடல், பிரெஞ்சு மொழி ஆகியவற்றுக்கான சுயாதீன ஆணையாளர்களின் தனி அலுவலகங்களை மூடியதும் அதே மூட்டைதான். அதற்குள் ஒரு அட்டவணையில் உங்கள் வாடகையும். டிசம்பர் 6இல் அரச ஒப்புதல். மூன்று வாரம்.

அதற்குப் பிறகு கட்டி, பிறகு விற்று, பிறகு வாடகைக்கு விட்ட வீட்டுக்கு நீங்கள் குடிவந்தீர்கள். உங்களைத் தொடுகிற சட்டம் நிறைவேறிய நேரத்தில் உங்கள் கட்டடத்தில் ஆளே இல்லை. யார் எதிர்ப்பது?

ஆகவே சட்டமூலத்தின் பெயரை நம்பாதீர்கள். முதலாம் வாசிப்பு முடிந்ததும் சட்டமன்றத் தளத்தில் முழு வாசகமும் வந்துவிடும். முதல் பக்கங்களில் விளக்கக் குறிப்பு இருக்கும், சட்டம் படிக்காதவருக்கும் விளங்குகிற மொழியில். வாசிப்பதற்குப் பதினைந்து நிமிசம். முதலாம் வாசிப்பில் விவாதம் இல்லை. இரண்டாவதில் கொள்கை விவாதம், பிறகு குழு, பிறகு மூன்றாம் வாசிப்பு, பிறகு துணைநிலை ஆளுநரின் ஒப்புதல். இதில் பொதுமக்கள் வாய் திறக்கக்கூடிய ஒரே இடம் குழு. இரண்டாம் வாசிப்பு நடக்கும்போதே குழு விசாரணைக்குப் பெயர் கொடுக்க ஆயத்தமாக இருக்கவேண்டும். அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையில் சிலவேளை ஒரு வாரம்கூடக் கிடைக்காது.

சும்மாசொல்லு சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன்: பெரும்பான்மை இருந்தால் நேர ஒதுக்கீட்டுப் பிரேரணை போட்டு, விவாதத்தைச் சுருக்கி, குழுவையே தாண்டிவிடலாம். தாண்டுகிறார்கள். எனக்கும் கோபம்தான்.

#8 இரவுப்பணி

குழு பற்றி வந்தபடியால் எழுதுகிறேன். நான் பி.எஸ்.டபிள்யூ., வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்க்கிற வேலை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற நேரத்துக்கு ஒழுங்காகச் சம்பளம் இல்லை என்பது என் பிரச்சினை. நிதி, பொருளாதார விவகாரங்களுக்கான நிலைக்குழு ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டுக்கு முன்னால், பெரும்பாலும் தை மாதத்தில், மாகாணம் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கும். ஒரு சினேகிதி சொல்லிப் பெயர் கொடுத்தேன். எடுபடும் என்று நினைக்கவில்லை. மின்னஞ்சல் வந்தது: இத்தனை மணிக்கு, சூம் வழியாக, உங்களுக்கு 7 நிமிடம்.

முதல் நாள் இரவு வேலை. காலை வீட்டுக்கு வந்து, மகனின் அறையில் அவனுடைய கணினிக்கு முன்னால் யூனிஃபோமோடேயே இருந்தேன். மூன்று மூன்று பேராகக் கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு வர்த்தக சங்கத்துக்காரர், வரைபடம் எல்லாம் காட்டினார். பிறகு ஒரு உணவு வங்கி. பிறகு நான். தாளில் எழுதியதை வாசிக்கத் தொடங்கினேன், மூன்றாவது நிமிடத்தில் தாளை வைத்துவிட்டு, ஒரு நாளில் எத்தனை வீடு, எத்தனை பஸ், பஸ் தரிப்பில் நிற்கிற நேரத்துக்கு எவ்வளவு சம்பளம் (பூச்சியம்) என்று சொன்னேன். தலைவர், "ஒரு நிமிடம் இருக்கிறது" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

பிறகு மூவருக்கும் சேர்த்துக் கேள்வி நேரம், கட்சி முறைப்படி மாறி மாறி. அரசாங்கத் தரப்பு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாக் கேள்வியும் வர்த்தக சங்கத்துக்கு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மட்டும், "அந்தப் பஸ் கணக்கை இன்னொருமுறை சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

பட்ஜெட்டில் என் பஸ் தரிப்புக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் சொன்னது சொல்லுக்குச் சொல் ஹன்சாட்டில் (சட்டமன்றப் பேச்சுப் பதிவேடு) இருக்கிறது. மகன் அச்சடித்துக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறான். எங்கள் சங்கம் பிறகு அனுப்பிய கடிதத்தில் என் வசனத்தை எடுத்துப் போட்டது.

பெயர் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு விசயம். பேசக் கிடைக்காவிட்டாலும் எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் கடைசி நேரம் உண்டு. அனுப்புவது பொதுப் பதிவு ஆகிவிடும். வீட்டு முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கடிதத்துக்குள் எழுதாதீர்கள். நான் பார்க்கிற முதியவரின் பெயரை நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

#9 முருங்கைமரம்

இரவுப்பணி அக்கா, கண் கலங்கிவிட்டது.

எனக்கு வேறொரு நெருடல். நம் ஆட்கள் குயின்ஸ் பார்க் போவது எப்போது? தையிலும் மேயிலும். 2014இல் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் ஆக்கிய சட்டம். 2021இல் 104ஆம் இலக்கம், மே 12 முதல் 18 வரை தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரம். இரண்டும் தனிநபர் சட்டமூலங்கள்தான், அமைச்சர் கொண்டுவந்தவை அல்ல. 104ஐக் கொண்டுவந்தவர் ஸ்காபரோ ரூஜ் பார்க் உறுப்பினர் விஜய் தணிகாசலம். 2019 வசந்தத்தில் வந்தது, 2021 மேயில்தான் நிறைவேறியது. மாகாணத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 2022இல் மேல் நீதிமன்றம் தள்ளுபடி, 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி, 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. சட்டம் நிற்கிறது. அதற்காக உழைத்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வாரத்தில் என் அம்மா விளக்கேற்றுகிறா.

ஆனால் அந்த உழைப்பில் பத்தில் ஒன்றை வாடகைக்கு, பி.எஸ்.டபிள்யூ. சம்பளத்துக்குச் செலவழித்தோமா? நினைவு நாட்களுக்கான சட்டமூலத்துக்கு எல்லாக் கட்சியும் கைதட்டும், காசு செலவில்லை. வாடகைக்கு உச்சவரம்பு கேட்டு எதிர்க்கட்சிகள் கொண்டுவந்தவை கரைசேரவில்லை. எந்தக் கதவு சுலபமாகத் திறக்கிறதோ அதையே திரும்பத் திரும்பத் தட்டுகிறோம்.

#10 சும்மாசொல்லு

முதன்முறையாக உங்களோடு முழுசாக உடன்படுகிறேன். திகதி குறித்துவையுங்கள்.

ஒரு திருத்தம் மட்டும். தனிநபர் சட்டமூலம் எல்லாமே அலங்காரம் இல்லை. ஒட்டாவாவில் 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர் 2013இல் ரக்பி விளையாட்டில் தலையில் அடிமேல் அடிபட்டு இறந்துபோனா. பெற்றோர் விடவில்லை. 2015இல் மரண விசாரணை, அதிலிருந்து 49 பரிந்துரை. மூன்று கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து 2016இல் ஆலோசனைக் குழுவுக்கான சட்டமூலத்தை நிறைவேற்றினார்கள். 2018இல் ரோவன் சட்டம். இன்று என் மகள் கால்பந்துக்குப் பதிய, தலைக்காயத் தகவலை வாசித்தேன் என்று நான் கையொப்பமிட வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

நான் சந்தேகப்பேர்வழிதான், ஆனால் இதை மறைத்தால் பொய்யாகிவிடும்.

#11 நிர்வாகி

கட்சிச் சண்டையாக மாறிய ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருக்கு வாக்களிப்பது என்பதற்கு வேறு இழை இருக்கிறது.

#12 வடக்குவாசல்

மேலே பேஜ் பிள்ளைகள் பற்றி வந்தது. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம், நம் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அண்ணாவின் மகள் போனவள். முதல் வேலை 124 உறுப்பினர்களின் முகத்தையும் ஆசனத்தையும் மனப்பாடம் செய்வது. யார் தண்ணீரில் ஐஸ் கேட்பார், யார் கேட்கமாட்டார் என்பதுவரை தெரியும் என்கிறாள். கேள்வி நேரத்தில் ஆளையாள் கிழிக்கிற இரண்டு பேர் அவளிடம் கொடுத்தனுப்புகிற மடித்த துண்டுகளைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

கேள்வி நேரம் பார்க்க யாரும் போகலாம், இலவசம். காலை பத்தரைக்குப் பிறகு தொடங்கும், ஒரு மணித்தியாலம். பாதுகாப்புச் சோதனை உண்டு. மாடத்தில் கைதட்டக்கூடாது, பதாகை கூடாது, சுலோகம் எழுதிய ரீஷேர்ட்டோடு போகாதீர்கள்.

#13 பழையகோப்பு

ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் எனக்கு முக்கியம். சட்டம் வேறு, சட்டத்தின் கீழ் எழுதுகிற ஒழுங்குவிதி வேறு. ஒழுங்குவிதியை அமைச்சரவை எழுதும், சபையில் விவாதமே இல்லை. கட்டணம் எவ்வளவு, யாருக்கு விலக்கு என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். அதற்கு இரண்டு பதிவேடுகள் ஒன்லைனில் உண்டு: ஒழுங்குவிதிப் பதிவேடு, சுற்றாடல் பதிவேடு. சுற்றாடலில் குறைந்தது 30 நாள் கருத்துக்குத் திறந்துவைக்கவேண்டும். வீட்டிலிருந்தே எழுதலாம். தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

கிரீன்பெல்ட் (கட்டடம் கட்டாமல் பாதுகாக்கிற பசுமை நிலம்) கதை அங்கே தொடங்கியதுதான். 2022 நவம்பரில் ஏறக்குறைய 7,400 ஏக்கரை எடுக்கிற முன்மொழிவு சுற்றாடல் பதிவேட்டில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்து எழுதினார்கள். அரசாங்கம் கேட்கவில்லை, எடுத்தது. 2023 ஓகஸ்டில் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வந்தது: காணிச் சொந்தக்காரர்களுக்கு 8.3 பில்லியன் டொலருக்கு மேல் பெறுமதி கூடியிருக்கலாம், தெரிவு முறை சிலருக்குச் சாதகம். செப்ரெம்பர் 21இல் முதல்வர் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார். கணக்காய்வாளர் நாயகம் அரசாங்கத்தின் ஆள் அல்ல, சட்டமன்றத்தின் அதிகாரி. ஒம்புட்ஸ்மனும் (அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாட்டை விசாரிக்கிறவர்) அப்படித்தான், முறையிடக் காசில்லை. அமைச்சு அலுவலகம் ஒன்று கடிதத்துக்குப் பதிலே போடாமல் மாதக்கணக்காக இழுத்தால் அங்கே போங்கள்.

கொண்டோக்குருவி, உங்களுக்கான வரிசை. மனுவைத் தாளில் சேருங்கள். சபை கூடாத வெள்ளிக்கிழமை அல்லது தொகுதி வாரத்தில் எம்.பி.பி.யோடு நேரம் கேளுங்கள். மூன்று பேருக்குமேல் போகாதீர்கள், ஒரே ஒரு கோரிக்கை. அதே கடிதத்தை வீடமைப்பு விடயத்தில் எதிர்க்கட்சிகளின் விமர்சகர்களுக்கும் அனுப்புங்கள், அவர்களுக்குக் கேள்வி நேரத்தில் கேட்க உண்மையான ஆட்களின் கதை வேண்டும். உங்கள் சொந்தக்காரருடனான வழக்கில் தலையிடச் சொல்லாதீர்கள். வாடகைத் தீர்ப்பாயத்தில் எம்.பி.பி. கைவைக்கக் கூடாது. சட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அண்மைய உதாரணம் ஒன்று. 2025 ஒக்ரோபர் கடைசியில் வாடகைக்காரரின் குடியிருப்புப் பாதுகாப்பையே மாற்றுவது பற்றி ஆலோசனை நடத்தப்போவதாக அறிவித்தார்கள். சில நாட்களில் எதிர்ப்புக் கிளம்பி, அந்த வார இறுதியிலேயே வீடமைப்பு அமைச்சர் அதைக் கைவிட்டார். அதோடு வந்த 60ஆம் இலக்கச் சட்டமூலத்தின் மற்றப் பகுதிகள் நவம்பரில் நிறைவேறிவிட்டன. ஆலோசனை என்ற நிலையில் இருக்கும்போது தள்ளினால் அசைகிறது. மூன்றாம் வாசிப்பில் தள்ளினால் சுவர்.

#14 கொண்டோக்குருவி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நேரம் கிடைத்தது, வெள்ளிக்கிழமை காலை 15 நிமிடம். நான், நாலாம் மாடி அன்ரி, ஒன்பதாம் மாடியில் இருக்கிற பிலிப்பினோப் பொடியன். எம்.பி.பி. முதல் ஐந்து நிமிடம் புதிய வீடு கட்டுவது பற்றியே கதைத்தார்: விலக்கு இல்லாவிட்டால் யாரும் வாடகைக்குக் கட்டமாட்டார்கள், கட்டாவிட்டால் எல்லோருக்கும் வாடகை கூடும் என்று. அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னுடைய என்2 படிவத்தையும் ஓய்வூதியச் சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. ஒன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டையும் பார்த்தார். உதவியாளரைக் கூப்பிட்டு நகல் எடுக்கட்டுமா என்று கேட்டார்.

சட்டத்தை மாற்ற ஆதரவு தருவேன் என்று சொல்லவில்லை. மனுவைச் சமர்ப்பிப்பேன் என்றார், அமைச்சருக்குக் கடிதமும் எழுதுவாராம். எதிர்க்கட்சி விமர்சகர் அலுவலகத்திலிருந்து அடுத்த நாளே தொலைபேசி வந்தது. ஹன்சாட்டில் தேடிப் பார்த்தேன், எங்கள் எம்.பி.பி. வாடகை பற்றி எதற்கு எப்படி வாக்களித்தார் என்று. ஐந்து உறுப்பினர்கள் எழுந்து நின்றால்தான் பெயர்வாரியாகப் பதிவாகுமாம், மற்றதெல்லாம் வெறும் குரல்வாக்கு. பெயரோடு இருந்த ஒன்றை அச்சடித்து வைத்திருக்கிறேன், அடுத்த சந்திப்புக்கு.

வாடகை 2,600 ஆகத்தான் போகிறது. வேறு வீடும் பார்க்கிறோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தாளில் இதுவரை 71 கையொப்பம் வந்துவிட்டது. மூன்று பேர் பென்சிலால் போட்டிருக்கிறார்கள், அவர்களிடம் திரும்பப் போகவேண்டும். ஞாயிறு மாலை நாலு மணியிலிருந்து கீழே தபால் பெட்டி அறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு இருப்போம். இந்தக் கட்டடத்துக்காரர் யாரும் இதை வாசித்தால் இறங்கி வாருங்கள், பேனா எங்களிடம் இருக்கிறது.